கருப்பை மாற்றுக்குப் பின் கருத்தரிப்பு: நோயெதிர்ப்பியல் வரலாறு

கருப்பை மாற்று அறுவை என்பது, கருப்பை இல்லாத பெண்ணுக்கு வேறொரு பெண்ணின் கருப்பையைப் பொருத்தி, அதில் அவர் கருவுற்றுப் பிள்ளை பெற வழிசெய்யும் சிகிச்சை ஆகும். இம்முறையில் உலகின் முதல் குழந்தை 2014ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சுவீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் பிறந்தது.

இத்தகைய கருத்தரிப்பில் தாயின் உடலுக்குள் இரண்டு அயல் திசுக்கள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஒன்று சிசு. அதன் மரபுப் பண்புகளில் பாதி தந்தையிடமிருந்து வந்தவை. மற்றொன்று, கொடையாகப் பெற்ற கருப்பை. தாயின் நோயெதிர்ப்பு மண்டலம் முதலாவதை இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறது; இரண்டாவதை மருந்தின் துணையின்றி ஏற்பதில்லை. ஒரே உடல் இரண்டு அயல் திசுக்களை இருவேறு விதமாக நடத்துவது ஏன் என்ற கேள்வி, உறுப்பு மாற்று மருத்துவமும் மகப்பேற்று மருத்துவமும் சந்திக்கும் இடத்தில் எழுந்தது. அதன் வரலாறு இங்கே சுருக்கமாகத் தரப்படுகிறது.

மெடாவரின் கேள்வி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் ஒட்டும் சிகிச்சை பெரிதும் தேவைப்பட்டது. ஒருவருடைய தோலை மற்றொருவருக்கு ஒட்டினால் சில நாட்களில் அது அழிந்துவிடும். இதனை ஆராய்ந்தவர் பிரித்தானிய விலங்கியலாளர் பீட்டர் மெடாவர். 1943இல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் கிப்சன் என்னும் அறுவை மருத்துவருடன் இணைந்து அவர் ஒரு நோயாளியிடம் செய்த ஆய்வில், அதே கொடையாளரின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது அது முதல் முறையைவிட விரைவாக அழிந்தது. உடல் அயல் திசுவை நினைவில் வைத்துக்கொண்டு தாக்குகிறது என்பதற்கு இது சான்றாயிற்று. உறுப்பு நிராகரிப்பு என்பது நோயெதிர்ப்பு மண்டலத்தின் செயல் என்ற கருத்து இவ்வாறு உறுதிப்பட்டது.

அப்படியானால் தந்தையின் பண்புகளைப் பாதி கொண்ட சிசு மட்டும் ஒன்பது மாதங்கள் தாயின் உடலில் எவ்வாறு தாக்கப்படாமல் வளர்கிறது? 1953இல் எழுதிய ஒரு கட்டுரையில் மெடாவர் இக்கேள்வியை எழுப்பி, மூன்று விடைகளை முன்வைத்தார்.

1. தாய்க்கும் சிசுவுக்கும் இடையே உடற்கூற்று முறையில் ஒரு தடுப்பு இருக்கலாம்.
2. சிசுவின் திசுக்கள் அயல் என்று அடையாளம் காணப்படும் அளவுக்கு முதிர்ச்சி பெறாமல் இருக்கலாம்.
3. கருவுற்ற தாயின் நோயெதிர்ப்பு மண்டலம் மந்தமாகிவிடலாம்.

நோயெதிர்ப்புச் சகிப்புத் தன்மை பற்றிய கண்டுபிடிப்புக்காக மெடாவருக்கு 1960இல் பிராங்க் மக்ஃபர்லேன் பர்னெட்டுடன் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மூன்று விடைகளும் பிற்காலத்தில் ஒவ்வொன்றாகச் சோதனைக்கு உள்ளாயின. அவற்றில் மூன்றாவதை மனிதரிடத்தில் நேரடியாகச் சோதிக்கும் வாய்ப்பை, அறுபது ஆண்டுகள் கழித்துக் கருப்பை மாற்று அறுவை தந்தது.

தாயின் குருதியில் கிடைத்த சான்று

கருவுற்ற தாய் சிசுவின் அயல் தன்மையை அறியாமல் இருப்பதில்லை என்பதற்கு மெடாவருக்கு முன்பே சான்று இருந்தது. 1939இல் அமெரிக்காவில் பிலிப் லெவின், ரூஃபஸ் ஸ்டெட்சன் ஆகியோர், குழந்தை இறந்து பிறந்த ஒரு பெண்ணுக்குக் கணவரின் குருதியை ஏற்றியபோது கடும் எதிர்விளைவு ஏற்பட்டதைப் பதிவு செய்தனர். சிசு தந்தையிடமிருந்து பெற்ற ஒரு குருதிப் பண்புக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகியிருந்தது. பின்னர் இது ஆர்.எச். காரணி சார்ந்தது என விளங்கியது.

1958இல் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும், நெதர்லாந்தில் யோன் வான் ரூடும், கருவுற்ற பெண்களின் குருதியில் வெள்ளையணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பதைத் தனித்தனியே கண்டனர். அதே ஆண்டில் பிரான்சில் ஜான் தோசே, பலமுறை குருதி ஏற்றப்பட்டவர்களிடம் இத்தகைய எதிர்ப்பொருள்களை ஆராய்ந்து வந்தார். இந்த ஆய்வுகளிலிருந்தே எச்.எல்.ஏ. எனப்படும் திசுப் பொருத்த அடையாளங்கள் அறியப்பட்டன. இன்று சிறுநீரகம் முதல் கருப்பை வரை எந்த உறுப்பு மாற்றுக்கும் பார்க்கப்படும் திசுப் பொருத்த அறிவு, பிள்ளை பெற்ற தாய்மாரின் குருதியால் வளர்ந்த அறிவாகும். தாய் சிசுவை அடையாளம் காண்கிறார், எதிர்ப்பொருளும் உண்டாக்குகிறார். ஆயினும் பெரும்பாலான சிசுக்கள் நலமாகப் பிறக்கின்றன என்பதே ஆய்வாளர்களுக்குப் புதிராக நின்றது.

உறுப்பு மாற்றும் கருத்தரிப்பும்

1954 டிசம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே, ஒரே கரு இரட்டையர்களுக்கு இடையே சிறுநீரக மாற்று அறுவையை வெற்றிகரமாகச் செய்தார். இரட்டைச் சகோதரியிடமிருந்து 1956இல் சிறுநீரகம் பெற்ற எடித் ஹெல்ம் என்ற பெண் 1958இல் குழந்தை பெற்றார். மாற்று உறுப்புடன் ஒருவர் பிள்ளை பெற்ற முதல் நிகழ்வு இது. இருவரும் ஒரே மரபுப் பண்பு கொண்டவர்கள் என்பதால் அவருக்கு நோயெதிர்ப்பு அடக்கு மருந்து தேவைப்படவில்லை.

மரபால் வேறுபட்டவர்களுக்கு இடையே உறுப்பு மாற்றம் செய்ய மருந்து இன்றியமையாதது. 1960களின் தொடக்கத்தில் அசாதயோப்ரின் பயன்பாட்டுக்கு வந்தது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட சைக்ளோஸ்போரின் 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்து 1984இல் டாக்ரோலிமஸ் கண்டறியப்பட்டது. சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றப்பட்ட பெண்கள் இம்மருந்துகளை உட்கொண்டபடியே கருவுற்றுப் பிள்ளை பெற்றனர். இவர்களைப் பற்றிய தகவல்களைத் திரட்ட 1991இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. எந்த மருந்து சிசுவுக்குத் தீங்கானது, எது ஓரளவு பாதுகாப்பானது என்ற அறிவு இந்தத் தாய்மாரிடமிருந்தே கிடைத்தது. கருப்பை மாற்று மருத்துவர்களுக்குப் பிற்காலத்தில் இது அடித்தளமாயிற்று.

நஞ்சுக்கொடியின் எல்லையில் நிகழ்வது

சிசு தாயின் உடலை நேரடியாகத் தொடுவதில்லை. கருவின் புறச் செல்களாகிய டிரோபோபிளாஸ்ட் செல்களே நஞ்சுக்கொடியை அமைத்துத் தாயின் திசுவைத் தொடுகின்றன. நிராகரிப்பைப் பெரிதும் தூண்டும் எச்.எல்.ஏ. ஏ, பி ஆகிய அடையாளங்கள் இந்தச் செல்களில் காணப்படுவதில்லை. கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும் செல்களில் எச்.எல்.ஏ. சி, ஈ, ஜி ஆகியவை மட்டுமே உள்ளன. தாயின் குருதியில் நேரடியாக நனையும் வெளியடுக்கில் எச்.எல்.ஏ. அடையாளமே இல்லை. எனவே மெடாவர் கருதிய தடுப்பு ஒரு மதில் போன்றதாக இல்லாமல், யாரை உள்ளே விடுவது என்று பார்த்து விடும் வாயிலைப் போன்றதாக விளங்கியது.

கருப்பையின் பக்கத்திலும் பல ஏற்பாடுகள் உள்ளன. கருத்தரிப்பின் தொடக்கத்தில் கருப்பையின் உட்சுவரில் இருக்கும் வெள்ளையணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இயற்கைக் கொல்லி செல்கள் ஆகும். பெயர் அச்சமூட்டினாலும் இங்கே இவை கொல்வதில்லை. கருப்பையின் சுருள் தமனிகள் விரிந்து சிசுவுக்கு மிகுதியான குருதி கிடைக்க டிரோபோபிளாஸ்ட் செல்களுக்கு உதவுகின்றன.

எலிகளில் நடந்த மூன்று ஆய்வுகள் இத்துறையில் முக்கியமானவை. 1998இல் டேவிட் மன், ஆண்ட்ரூ மெல்லர் ஆகியோரின் குழு, டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் ஒரு நொதியை மருந்தால் தடுத்தபோது, மரபால் வேறுபட்ட கருக்கள் மட்டும் அழிந்ததைக் காட்டியது. 2004இல் கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் பெட்ஸின் குழு, ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இல்லாத தாய் எலிகளில் அயல் கருக்கள் நிலைப்பதில்லை எனக் கண்டது. 2012இல் நியூயார்க்கில் ஏட்ரியன் எர்லபாக்கரின் குழு, கருவைச் சூழ்ந்த கருப்பைச் சுவரின் செல்கள், தாக்கும் டி செல்களை அழைக்கும் வேதிச் சைகைகளுக்கான மரபணுக்களைத் தாமே அடக்கிவிடுகின்றன என்று காட்டியது.

இவை அனைத்தும் சொல்வது ஒன்றே. சிசுவைத் தாயின் உடல் ஏற்பது, பெரும்பாலும் நஞ்சுக்கொடியும் கருப்பைச் சுவரும் சந்திக்கும் இடத்தில் செய்யப்படும் உள்ளூர் ஏற்பாடு. தாயின் நோயெதிர்ப்பு மண்டலம் முழுதும் உறங்கிப்போவதால் அது நிகழ்வதில்லை.

கருப்பை மாற்று முயற்சிகள்

1966இல் அமெரிக்காவில் எராஸ்லன், ஹேமர்னிக், ஹார்டி ஆகியோர் நாய்களின் கருப்பையையும் சூலகங்களையும் வெளியே எடுத்து அதே நாய்க்கு மீண்டும் பொருத்தி, அது குட்டி ஈன்றதைப் பதிவு செய்தனர். குருதிக் குழாய்களை இணைத்தால் கருப்பை மீண்டும் வேலை செய்யும் என்பதை இது காட்டியது. சொந்த உறுப்பு என்பதால் நிராகரிப்புச் சிக்கல் எழவில்லை. 1978இல் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்த பிறகு, குழந்தையின்மைக்கு உறுப்பு மாற்று என்ற எண்ணம் சிறிது காலம் பின்தள்ளப்பட்டது. ஆனால் கருப்பையே இல்லாதவர்களுக்கு அந்த முறை தனியாக உதவவில்லை. ஏறத்தாழ 4,500 முதல் 5,000 பெண்களில் ஒருவர் கருப்பை வளர்ச்சியின்றிப் பிறக்கின்றனர். புற்றுநோயாலும், பேறுகால குருதிப்போக்காலும் கருப்பையை இழப்போரும் உள்ளனர்.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் சவூதி அரேபியாவின் ஜித்தா நகரில் வஃபா ஃபகீ தலைமையிலான குழு, பேறுகாலக் குருதிப்போக்கால் கருப்பையை இழந்த 26 வயதுப் பெண்ணுக்கு 46 வயதுப் பெண்ணின் கருப்பையைப் பொருத்தியது. ஒன்பதாம் நாளில் நிராகரிப்புத் தோன்றி மருந்தால் அடக்கப்பட்டது. இரண்டு முறை மாதவிடாயும் ஏற்பட்டது. பின்னர் குருதிக் குழாய்களில் உறைவு உண்டாகி, 99ஆம் நாளில் கருப்பையை அகற்ற நேர்ந்தது. நிராகரிப்பை மருந்து வென்றபோதும் குருதியோட்டம் தடைப்பட்டது இதன் பாடமாகும்.

சுவீடனைச் சேர்ந்த மாட்ஸ் பிரான்ஸ்ட்ரோம் 1998இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பணியாற்றினார். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகக் கருப்பையை இழக்கவிருந்த இளம்பெண் ஒருவர், தம் தாயின் கருப்பையைத் தமக்குப் பொருத்த முடியுமா என்று அவரிடம் கேட்டார். அந்தக் கேள்வியோடு நாடு திரும்பிய அவர், கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் விலங்காய்வு செய்தார். 2003இல் அவருடைய குழு, மாற்றப்பட்ட கருப்பையில் சுண்டெலிக் குட்டிகள் பிறந்ததை அறிவித்தது. அந்த எலிகள் ஒரே மரபுப் பண்பு கொண்டவை. மரபால் வேறுபட்ட எலிகளுக்கு இடையே கருப்பையை மாற்றி, டாக்ரோலிமஸ் கொடுத்துக் கருத்தரிக்கச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. செம்மறி ஆடு, பபூன் குரங்கு ஆகியவற்றிலும் அறுவை முறைகள் சோதிக்கப்பட்டன.

2011 ஆகஸ்டில் துருக்கியின் அந்தால்யா நகரில் ஓமர் ஓஸ்கான் குழுவினர், இறந்தவரிடமிருந்து பெற்ற கருப்பையை ஒரு பெண்ணுக்குப் பொருத்தினர். 2013இல் அவர் கருவுற்றார், கரு நிலைக்கவில்லை. அவருக்கு 2020இல் குழந்தை பிறந்தது.

கோத்தன்பர்க், 2014

2012 செப்டம்பர் முதல் கோத்தன்பர்க்கில் ஒன்பது பெண்களுக்கு உயிருள்ள கொடையாளர்களின் கருப்பை பொருத்தப்பட்டது. கொடையாளர்களில் பெரும்பாலோர் உறவினர்கள். பலர் பெறுநரின் தாய்மார். கொடையாளருக்கான அறுவைக்கே 10 முதல் 13 மணி நேரம் ஆயிற்று. இரண்டு கருப்பைகளைத் தொடக்க மாதங்களிலேயே அகற்ற நேர்ந்தது. ஒன்றுக்குக் காரணம் குருதி உறைவு. மற்றொன்றுக்கு ஓயாத தொற்று. எஞ்சிய ஏழும் நிலைத்தன.

முதலில் பிள்ளை பெற்றவர் பிறவியிலேயே கருப்பை இல்லாத 35 வயதுப் பெண். அவருக்குச் சிறுநீரகமும் ஒன்றுதான். கொடையாளர் 61 வயதான, மாதவிடாய் நின்ற குடும்ப நண்பர். அறுவைக்குப் பின் 43ஆம் நாளில் பெறுநருக்கு மாதவிடாய் தொடங்கியது. சூலகங்கள் இருந்தமையால் அவருடைய சொந்தக் கருமுட்டையைக் கொண்டு முன்னரே கரு உருவாக்கிக் குளிர்நிலையில் சேமித்திருந்தனர். ஓராண்டு கழித்து ஒரே ஒரு கரு கருப்பையில் வைக்கப்பட்டது. டாக்ரோலிமஸ், அசாதயோப்ரின், ஸ்டீராய்டு ஆகிய மருந்துகள் கருத்தரிப்புக் காலத்திலும் தொடர்ந்தன.

இந்தப் பெண்ணுக்கு மூன்று முறை மிதமான நிராகரிப்பு தோன்றியது. அவற்றுள் ஒன்று அவர் கருவுற்றிருந்தபோதே தோன்றியது. மூன்றும் ஸ்டீராய்டு மருந்தால் அடக்கப்பட்டன. கருப்பைக்குச் சென்ற குருதியோட்டமும் சிசுவின் வளர்ச்சியும் இயல்பாகவே இருந்தன. 31 வாரங்களும் 5 நாட்களும் ஆனபோது முன்சூல்வலிப்பு நோய் தோன்றியதால் சிசேரியன் செய்யப்பட்டது. 1,775 கிராம் எடையுள்ள ஆண் குழந்தை நலமாகப் பிறந்தது.

மெடாவரின் மூன்றாவது விடைக்கு இங்கே மறுப்புக் கிடைத்தது. கருவுற்ற தாயின் நோயெதிர்ப்பு மண்டலம் மந்தமாகிவிடும் என்றால், மருந்தும் சேர்ந்திருக்கும் நிலையில், கருப்பை தாக்கப்பட்டிருக்கக் கூடாது. ஆனால் கருப்பையின் திசுவைத் தாயின் செல்கள் தாக்கின. அதே கருப்பைக்குள் இருந்த சிசு வளர்ந்துகொண்டிருந்தது. கருத்தரிப்பு, சிசுவுக்குத் தரும் பாதுகாப்பைச் சிசு தங்கியிருக்கும் அயல் சுவருக்குத் தருவதில்லை.

மூவர் சந்திக்கும் இடம்

இயல்பான கருத்தரிப்பில் தாய், சிசு என இருவர் மட்டுமே. கருப்பை மாற்றில் கொடையாளரும் சேர்ந்து மூவராகின்றனர். திசுப் பொருத்த அடையாளங்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு தொகுதிகளாக வருகின்றன: ஒன்று தாயிடமிருந்து, மற்றொன்று தந்தையிடமிருந்து. கொடையாளர் பெறுநரின் தாய் என்று கொள்வோம். பெறுநரிடம் உள்ள இரண்டு தொகுதிகளில் ஒன்று கொடையாளரிடமிருந்து வந்தது. சிசு பெறுநரிடமிருந்து ஒரு தொகுதியைப் பெறும். அது பாட்டியின் தொகுதியாக இருக்கப் பாதி வாய்ப்பு. தாத்தாவின் தொகுதியாக இருக்கப் பாதி வாய்ப்பு. முதல் வகையில் சிசு தான் வளரும் கருப்பைக்குப் பாதி உறவு. இரண்டாம் வகையிலும், கொடையாளர் உறவினர் அல்லாதபோதும், சிசு அந்தக் கருப்பைத் திசுவுக்குப் பொதுவாக முழு அயலாகும்.

பெறுநரின் மாமியார் கொடையாளராக இருந்தால் வேறொரு சிக்கலைக் கருத வேண்டும். சிசுவின் தந்தைவழிப் பண்புகளுக்கு எதிராகத் தாய் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், அதே பண்புகளைக் கொண்ட கருப்பையையும் தாக்கக்கூடும். முன்பு பிள்ளை பெற்றவர்களிடம் இத்தகைய எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே இருக்கலாம் என்பதால், அறுவைக்கு முன் குருதிப் பொருத்தப் பரிசோதனை முக்கியத்துவம் பெறுகிறது.

கருப்பையின் எல்லாச் செல்களும் கொடையாளருடையவையாகவே இருப்பதில்லை. சுவரும் தசையும் குருதிக் குழாய்களும் கொடையாளருடையவை. அங்கு வந்து தங்கும் வெள்ளையணுக்களோ பெறுநரின் குருதியிலிருந்து வருபவை. சுவீடன் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், மாற்றப்பட்ட கருப்பையின் இயற்கைக் கொல்லி செல்கள் பெறுநரின் குருதியிலிருந்து மீண்டும் நிரப்பப்படக்கூடும் என்பது தெரியவந்தது. ஆகவே இக்கருப்பையின் ஒரு சுருள் தமனியில் மூவரின் செல்களும் ஒருங்கே இருக்கும்: தமனிச் சுவர் கொடையாளருடையது, அதனை விரிக்க வரும் டிரோபோபிளாஸ்ட் செல் சிசுவினுடையது, அருகிருந்து உதவும் இயற்கைக் கொல்லி செல் தாயினுடையது. தாயும் சிசுவும் பேசிக்கொள்ளும் மொழி இங்கும் அவர்களுடையதே. பேசும் வீடு மட்டும் வேறொருவருடையது. இந்த மூவர் கூட்டிலும் குழந்தைகள் பிறந்திருப்பது, கருப்பைச் சுவரின் மரபுப் பண்பு தாயினுடையதாக இருக்க வேண்டியது கட்டாயமில்லை என்பதைக் காட்டுகிறது.

நிராகரிப்பைக் கண்டறிதல்

சிறுநீரகம் நிராகரிக்கப்பட்டால் குருதியில் கிரியேட்டினின் அளவு கூடும். கல்லீரலுக்கு நொதிகளின் அளவு காட்டிக்கொடுக்கும். கருப்பைக்கு இத்தகைய குருதிப் பரிசோதனை இல்லை. நரம்புகள் இணைக்கப்படாததால் வலியும் தெரிவதில்லை. நிராகரிப்பு பெரும்பாலும் அறிகுறியின்றியே நிகழ்கிறது. ஆகவே குறித்த இடைவெளிகளில் கருப்பை வாயிலிருந்து சிறு திசுத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கின்றனர். லிம்போசைட் செல்கள் எந்த அளவுக்குத் திசுவுள் புகுந்துள்ளன என்பதைக் கொண்டு நிராகரிப்பின் தரம் குறிக்கப்படுகிறது. இதற்கான தர அளவுகோலைச் சுவீடன் குழு 2017இல் வெளியிட்டது. கருத்தரிப்புக் காலத்திலும் இச்சோதனை தொடர்கிறது. கருப்பையில் இயல்பாகவே வெள்ளையணுக்கள் மிகுதி என்பதால், இருக்க வேண்டியவை எவை, தாக்க வந்தவை எவை எனப் பிரித்தறிவதற்குப் பயிற்சி தேவை.

மருந்துகளும் சிசுவும்

பிற உறுப்பு மாற்றுகளில் பொதுவாக மருந்து நோயாளி ஒருவருக்கே. இங்கே சிசுவையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. மைக்கோபெனோலேட் என்னும் மருந்து சிசுவின் காது, உதடு முதலியவற்றில் பிறவிக் குறைகளை உண்டாக்கக்கூடியது. ஆதலால் கரு வைப்பதற்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன் அதை நிறுத்தி, தேவைப்பட்டால் அசாதயோப்ரினுக்கு மாறுகின்றனர். பிரெட்னிசலோன் மருந்தின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்வதால் சிசுவுக்குச் சிறு பகுதியே சேர்கிறது. டாக்ரோலிமஸ் நஞ்சுக்கொடியைக் கடக்கிறது. கருத்தரிப்பில் தாயின் குருதி அளவும் புரதங்களும் மாறுவதால் அதன் அளவை அடிக்கடி சோதித்துத் திருத்த வேண்டும். அளவு குறைந்தால் கருப்பைக்கு ஆபத்து. கூடினால் தாயின் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

இதில் வேறொரு முரணும் உண்டு. டாக்ரோலிமஸ் தடுக்கும் இன்டர்லூக்கின் 2 என்ற பொருள், சிசுவைக் காக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்கும் தேவையானது. கருப்பையைக் காக்கும் மருந்து சிசுவின் இயல்பான பாதுகாப்பைக் குறைக்குமோ என்ற ஐயம் இதனால் எழுந்தது. சிறுநீரகம் பெற்ற தாய்மாரும் பின்னர் கருப்பை பெற்ற தாய்மாரும் பிள்ளை பெற்றதால், மருந்தையும் மீறி உள்ளூர்ப் பாதுகாப்பு போதிய அளவு இயங்குவது நடைமுறையில் தெளிவாயிற்று.

முன்சூல்வலிப்பு

உயர் குருதி அழுத்தத்தோடு தாயின் உறுப்புகளைப் பாதிக்கும் முன்சூல்வலிப்பு நோய், கருப்பை மாற்றுக்குப் பிந்தைய கருத்தரிப்புகளில் கவனத்துக்குரிய சிக்கலாகும். சுருள் தமனிகள் போதிய அளவு விரியாமல் போவது இந்நோயின் முக்கிய அடிப்படை. தாயின் இயற்கைக் கொல்லி செல்களின் ஏற்பிகளும் சிசுவின் எச்.எல்.ஏ. சி வகையும் ஒத்துப்போகாதபோது இதன் வாய்ப்புக் கூடுவதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2004இல் காட்டினர். பிறர் கருமுட்டையால் கருவுறும் பெண்களிடம், அதாவது சிசு முழு அயலாக இருக்கும்போது, இந்நோய் கூடுதலாகக் காணப்படுகிறது.

எனினும் கருப்பை மாற்றில் பழியை நோயெதிர்ப்பின்மீது மட்டும் போட முடியாது. பிறவியில் கருப்பை இல்லாதோரில் சிலருக்குச் சிறுநீரகம் ஒன்றே உண்டு. டாக்ரோலிமஸும் குருதி அழுத்தத்தைக் கூட்டவல்லது. கொடையாளரின் வயதும் தமனிகளின் நிலையும் சேர்கின்றன. பல காரணங்கள் ஒன்றுகூடும் இடத்தில் ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்வது கடினம்.

பிற நாடுகளில்

2017 டிசம்பரில் பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோவில், இறந்த கொடையாளரின் கருப்பையிலிருந்து உலகின் முதல் குழந்தை பிறந்தது. 45 வயதில் மூளைக் குருதிப்போக்கால் இறந்தவரின் கருப்பையை 32 வயதுப் பெண்ணுக்கு 2016 செப்டம்பரில் பொருத்தியிருந்தனர். நிராகரிப்பு ஒருமுறையும் தோன்றவில்லை. 2,550 கிராம் எடையுள்ள பெண் குழந்தையைப் பெற்ற அதே அறுவையில் கருப்பையும் அகற்றப்பட்டது.

இந்தியாவில் 2017 மே மாதம் புனே நகரில் சைலேஷ் புந்தாம்பேகர் தலைமையிலான குழு முதல் கருப்பை மாற்று அறுவையைச் செய்தது. தாயின் கருப்பையைப் பெற்ற ஒரு பெண்ணுக்கு 2018 அக்டோபர் 18 அன்று 1,450 கிராம் எடையுள்ள பெண் குழந்தை பிறந்தது. தான் உருவான அதே கருப்பையில் தன் மகளையும் சுமந்த தாய் அவர்.

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 2017 நவம்பரில் அந்நாட்டின் முதல் குழந்தை இம்முறையில் பிறந்தது. அங்கு அறுவை பெற்ற 20 பெண்களின் முடிவுகள் 2024இல் வெளியாயின. 14 பேருக்குக் கருப்பை நிலைத்தது. அந்த 14 பேரும் குறைந்தது ஒரு குழந்தையேனும் பெற்றனர். ஆறு பேருக்குக் கருப்பை நிலைக்கவில்லை. நிலைத்த கருப்பை பிள்ளை தருகிறது, இழப்பு பெரும்பாலும் தொடக்கத்திலேயே நேர்கிறது என்பது இதன் பொருள். பிரித்தானியாவில் சகோதரியின் கருப்பையைப் பெற்ற பெண்ணுக்குக் குழந்தை பிறந்த செய்தி 2025 ஏப்ரலில் வெளியானது.

காலவரையறை கொண்ட உறுப்பு

மாற்றப்பட்ட சிறுநீரகமோ இதயமோ வாழ்நாள் முழுதும் வேண்டும், மருந்தும் அவ்வாறே. கருப்பை உயிர் காக்கும் உறுப்பு அன்று. ஒன்று அல்லது இரண்டு குழந்தைகள் பிறந்ததும் அதை அகற்றி மருந்தையும் நிறுத்திவிடலாம். தொற்று, சிறுநீரகக் கேடு, சில வகைப் புற்றுநோய்கள் ஆகிய நீண்டகாலத் தீங்குகள் இதனால் குறைகின்றன.

இந்த நடைமுறையே இத்துறையின் நோயெதிர்ப்பியல் உண்மையையும் எடுத்துரைக்கிறது. சிசுவைச் சுமந்து பெற்ற பின்பும் தாயின் உடல் அந்தக் கருப்பையைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டுவிடுவதில்லை. மருந்தை நிறுத்தும் முன் கருப்பையை எடுத்தாக வேண்டும். நலமாக உள்ள ஒரு கொடையாளர் பெரிய அறுவைக்கு உட்படுவதும், நலமாக உள்ள ஒரு பெண் பல அறுவைகளையும் சில ஆண்டு மருந்தையும் ஏற்பதும், பிறக்கவிருக்கும் சிசு தன் விருப்பமின்றியே அம்மருந்தில் பங்கேற்பதும் இந்த உண்மையின் விளைவுகள். கொடையாளரின் சுமையைக் குறைக்க இறந்தோரின் கருப்பையும் எந்திரக்கை அறுவையும் பயன்படுகின்றன. தாய், சிசு ஆகியோரின் சுமை குறைய வேண்டுமானால், நஞ்சுக்கொடி சிசுவுக்காக இயல்பாகச் செய்துகொள்ளும் உள்ளூர் ஏற்பாட்டை ஒரு மாற்று உறுப்புக்கும் ஏற்படுத்தித் தரும் வழி கண்டறியப்பட வேண்டும். 1953இல் மெடாவர் கேட்ட கேள்வி இன்று உறுப்பு மாற்று மருத்துவத்தின் இலக்காகவும் இருப்பது இதனால்தான்.